ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் வேலை கேட்டு வந்து நிற்பவர் எடுத்தவுடன் சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார். "ஒன்னரை ஓடுதுங்களா?" என்றுதான் கேட்பார். ஓடுகிறது என்றால் உள்ளே வருவார். "இப்போதைக்கு ஒரு ஷிப்ட்தானுங்க" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கம்பெனியைப் பார்த்து நடையைக் கட்டுவார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. காலை எட்டரைக்கு ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, மாலை ஐந்தரை வரை எட்டு மணி நேரம் வேலை. அது ஒரு ஷிப்ட். ஐந்தரைக்கு ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதரை வரை அரை ஷிப்ட். இரண்டும் சேர்ந்தது ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் நடுராத்திரி தாண்டியும் ஓடும். அது இரண்டு ஷிப்ட்.

என் அப்பா இருபத்து நான்கு வருஷம் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர். தாராபுரம் பக்கத்தில் கிணறு வற்றிப்போன இரண்டு ஏக்கர் காட்டை விட்டுவிட்டு 1993இல் இங்கே வந்து, ஹெல்பராக நுழைந்து, பவர் டேபிள் டெய்லர் ஆனார். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். ஒவ்வொரு நாள் ராத்திரியும் வந்து கை கால் கழுவியதும் அப்பா அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பால்பாயிண்ட் பேனாவால் 1½ என்று எழுதுவார். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்கு ஆறு கட்டத்தையும் கூட்டி ஓரத்தில் ஒரு 9 போட்டு வட்டமிடுவார். கவரில் வந்திருக்கும் பணம் அந்த ஒன்பதோடு ஒத்துப்போகிறதா என்று அம்மா எண்ணிப் பார்ப்பாள்.

எனக்குப் பின்னங்கள் பள்ளிக்கூடத்தில் அறிமுகமாகவில்லை. அந்தக் காலண்டரில்தான் படித்தேன்.

ஓரத்தில் 9 இல்லாமல் 6 என்று எழுதப்பட்ட வாரங்களும் உண்டு. ஆர்டர் குறைந்த வாரங்கள். அந்த வாரம் அப்பா ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீடு அமைதியாக இருக்கும். அம்மா அரிசி டப்பாவை ஒருதரம் திறந்து பார்த்து மூடுவாள். ஆறு ஷிப்ட் காசு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். பள்ளிக்கூட ஃபீஸ், மருந்து, ஊர்ப் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், எல்லாம் மேலே இருக்கும் அந்த மூன்று ஷிப்டில்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணி வராமல் சில வாரங்கள் கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன. அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்த காலம் அதுதான். அதை யாரும் ஓய்வு என்று சொல்லவில்லை.

நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அந்த 1½ என்ற எண்ணை உற்றுப் பார்த்தேன். அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க நடப்பில் இருந்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும் தாண்டிய நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆறு ஷிப்ட் என்பதே 48 மணி நேரம். அப்படியானால் அதற்கு மேல் பார்த்த ஒவ்வொரு மணி நேரமும் இரட்டிப்புக்கு உரியது. வாரத்தில் ஆறு அரை ஷிப்ட், 24 மணி நேரம். இரட்டிப்பாக்கினால் 48. அதாவது அப்பா பார்த்த வேலைக்குச் சட்டப்படி வர வேண்டியது பன்னிரண்டு ஷிப்ட் சம்பளம். அவர் இருந்த கம்பெனியில் கொடுத்தது ஒன்பது.

அரை ஷிப்ட் என்று பெயர் வைத்ததிலேயே விஷயம் முடிந்துபோனது. நான்கு மணி நேரம், அதனால் அரை என்று யாருக்கும் தோன்றும். சட்டக் கணக்கில் அது முழு ஷிப்ட். இருபத்து நான்கு வருஷம் தினமும் தன் கையாலேயே 1½ என்று எழுதினாரே, அதில் ஒரு நாளாவது 2 என்று எழுத வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. அது இன்னும் மெதுவாகக் கடிக்கும். பி.எஃப். பிடித்தத்துக்கு எடுக்கும் சம்பளத்தில் ஓவர்டைம் சேராது. போனஸ் கணக்கிலும் சேராது. கிராஜுவிட்டி கணக்கிலும் சேராது. ஒன்பதில் மூன்று, அதாவது அப்பா சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கு, அந்தந்த வாரத்தோடு தீர்ந்துவிட்டது. முதுமைக்கு அதிலிருந்து ஒரு பைசாகூட வந்து சேரவில்லை. உழைத்த உடம்பு மட்டும் முழு உழைப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டது. இப்போது அப்பாவுக்கு இடது தோளை மேலே தூக்க முடியாது. பி.எஃப். பென்ஷன் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் வந்ததிலிருந்து பெட்டி ஏறுகிற வரைக்கும் அந்த ஆர்டரைத் தூக்கிச் சுமக்கிற வேலை. நூல் வந்ததா, நிட்டிங் முடிந்ததா, லேப் டிப் என்ற சாய மாதிரியில் பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், எந்த நிறத்துக்கு ஓகே சொன்னார், பிரிண்ட் கழுவினால் நிற்கிறதா, சைஸ் செட் சாம்பிள் போனதா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது மெர்ச்சண்டைசர்தான். என் பையர் ஜெர்மனியில். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரை அணைக்கும்போது குளிர்காலத்தில் எனக்கு ராத்திரி ஒன்பதரை. அணைப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு மெயில் வரும். "காலர் ரிப் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது, நாளைக்குள் திருத்திய சாம்பிள் படம் வேண்டும்." அந்த அம்மாள் நல்லவர். அவர் வேலை நேரத்தில்தான் அனுப்புகிறார். ராத்திரி ஒன்பதரைக்கு சாம்பிள் டெய்லரைத் தேடி ஓடுவது நான்.

எங்கள் தொழிலில் ஒரு டி-ஷர்ட்டைத் தைக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று புள்ளி வைத்துக் கணக்கிடுவோம். சாம் என்று சொல்வோம். தோள் மூட்ட இவ்வளவு, கழுத்து ரிப் வைக்க இவ்வளவு, லேபிள் குத்த இவ்வளவு. அதை வைத்துத்தான் விலை சொல்வோம். ஒரு லேபிள் குத்துகிற நொடிகூட விலையில் ஏறும். அந்த ஆர்டருக்காக நான் விழித்திருந்த ராத்திரிகள் எந்த வரியிலும் ஏறாது. மாதச் சம்பளக்காரி என்றால் அந்த மாதத்தின் எல்லா மணி நேரமும் கம்பெனிக்குச் சொந்தம் என்பதுபோல ஒரு வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது.

ஒருநாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் தூங்கியிருந்தாள். அப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கண்ணு, இந்த நேரத்துக்கு எவ்வளவு போட்டுக் குடுப்பாங்க?"

"எனக்கு அப்படியெல்லாம் கிடையாதுங்ப்பா. மாசச் சம்பளம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நான் படிக்காதவன். எனக்கு அரை ஷிப்டுக்காவது காசு வந்துச்சு."

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மகள் மிஷினில் உட்காரக் கூடாது, ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றுதான் அத்தனை வருஷம் எழுதினார். அந்த நாற்காலிக்கு ஐந்தரை மணியே கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வந்த நேரம், கிளம்பிய நேரம், இரண்டை மட்டும் எழுதினேன். மூன்று மாதம். ஒரு நாள்கூட விடவில்லை. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் சராசரி பன்னிரண்டு மணி நேரம் வந்தது. மாதம் 26 நாள், 312 மணி நேரம். என் சம்பளம் 32,000. ஒரு மணி நேரத்துக்கு 102 ரூபாய். இதை எழுதிப் பார்த்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. 32,000 என்று சொந்தக்காரர்கள் முன்னால் தலை நிமிர்ந்து சொல்வேன். 102 என்று என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மேனேஜரிடம் போனேன். சண்டைக்குப் போகவில்லை. ஏழு மணிக்குக் கிளம்ப விடுங்கள், பையர் மெயிலுக்குக் காலையில் வந்து பதில் சொல்கிறேன், இல்லையென்றால் இருக்கிற நேரத்துக்கு ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். "எல்லாரும் இருக்காங்கல்லங்க, நீங்க மட்டும் எப்படிங்க?" என்றார். அவரும் பத்து மணி வரை அங்கேயே இருப்பவர்தான். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தபோது இந்த மனிதரால் எனக்கு ஒன்றும் தர முடியாது என்று புரிந்தது. தன்னிடமே இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்?

அடுத்த வேலை தேடியபோது கேள்விகளை மாற்றினேன். "சம்பளம் என்ன தருவீங்க" என்பதற்கு முன்னால் "எத்தனை மணிக்கு ஆபீஸைப் பூட்டுவீங்க" என்று கேட்டேன். முதலாளியிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எல்லாரும் ஆறு மணி என்றுதான் சொல்வார்கள். டீக்கடையில் நின்ற பேக்கிங் அக்காவிடம் கேட்டேன். "போன தடவை ஷிப்மென்ட் தள்ளிப்போனப்போ ஆபீஸ்ல லைட்டு எத்தனை மணிக்கு அணைஞ்சுதுங்க்கா?" எந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் கிடைக்காத தகவல் அந்தப் பதிலில் கிடைக்கும். உள்நாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். ஒன்பதரையிலிருந்து ஆறு. மதியம் அரை மணி நேரம். இரண்டாவது சனிக்கிழமை லீவு. சம்பளம் 25,000. மாதம் 200 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 125.

மணிக் கணக்கில் இது சம்பள உயர்வுதான். ஆனால் மளிகைக் கடையில் மணிக் கணக்கு செல்லாது. மாதம் ஏழாயிரம் குறைந்தது குறைந்ததுதான். பஸ் போன பிறகு பிடிக்கும் ஆட்டோவுக்கு 1,300 மிச்சம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று மகளுக்கு வைத்திருந்த டியூஷனுக்கு 2,000 மிச்சம். சமைக்க முடியாமல் வாங்கிய தோசைக்கும் பரோட்டாவுக்கும் ஒரு 1,200. ஆக 4,500 திரும்பி வந்தது. பாக்கி 2,500 ரூபாய் நஷ்டம். மாதச் சீட்டை நிறுத்தினேன். வருஷத்துக்கு ஒருமுறை வாங்குகிற அரை பவுன் இல்லை. இந்த நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் "நிம்மதிதான் முக்கியம்" என்று பேசுகிறவர்களின் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. நிம்மதிக்கும் மாதம் 2,500 கட்ட வேண்டியிருக்கிறது. அதைக் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறோம்.

கட்ட முடியாதவர்கள்தான் பெரும்பாலோர். நியாயமான வேலை நேரம் வேண்டும் என்று பேசும்போது, தொழிலாளியே ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்கிறாரே என்று முதலாளிகள் பதில் சொல்வார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழ முடியாது என்பதால் கேட்கிறார்கள். வேறெந்த ஆசையும் அதில் இல்லை. எட்டு மணி நேரக் கூலி எவ்வளவு என்பதுதான் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. முதலாவதைத் தொடாமல் இரண்டாவதை எந்தச் சட்டத்தாலும் சரிசெய்ய முடியாது.

அந்தக் கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியாமலும் இல்லை. 1957இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தது. சம்பாதிப்பவரோடு சேர்த்து மூன்று பேர் அளவுக்குச் சாப்பாடு, ஆளுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். 1991இல் உச்ச நீதிமன்றம் இதோடு பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. இதைப் படித்தபோது எனக்குக் காலண்டர்தான் ஞாபகம் வந்தது. நீதிமன்றம் சேர்க்கச் சொன்ன ஒவ்வொன்றும், படிப்பு, வைத்தியம், கல்யாணம், எல்லாமே எங்கள் வீட்டில் அரை ஷிப்டிலிருந்து வந்தவை. ஒரு ஷிப்டுக்குள் இருந்திருக்க வேண்டிய காசை ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்து அப்பா எடுத்துக்கொண்டு வந்தார்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். 1984இல் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்பா வருவதற்கு முந்தைய கதை. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் அதில் இருந்தவர். அவர்கள் கேட்டது பஞ்சப்படி. விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்று கேட்டார்கள். நான்கு மாதம் அடுப்பு எரிய வழியில்லாமல் நின்றார்கள். கூடுதல் நேரம் கொடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை.

இந்த ஊரை விடுங்கள், 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது இந்தியத் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 60 மணி நேரம் என்பது சட்டம். 48 ஆனது 1946இல். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்து முயற்சி அது. இவ்வளவு பாடுபட்டு வந்த எட்டு மணி நேரத்தை 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்திலேயே பன்னிரண்டாக்க வழி செய்யும் மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் பார்த்தால் போதும் என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். டிவியில் அந்தச் செய்தி ஓடிய முதல் நாள் அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார். "நாலு நாளோட யாரு கண்ணு விடுவாங்க? அஞ்சாவது நாளும் கூப்பிடுவாங்க. நம்மளும் போவோம். காசு வேணுமே" என்றார். அந்த மசோதாவைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இவ்வளவு சுருக்கமாக உள்ளதைச் சொன்ன பேச்சு வேறில்லை.

எங்கள் தெருவில் இப்போது பாதி வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் தங்கியிருக்கிறார்கள். ஒரு அறைக்கு ஆறு பேர். அதில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போடும்போது மட்டும் கண்ணில் படுவான். வயது இருபதுக்குள் இருக்கும். போன மாதம் என்னிடம் வந்து, "அக்கா, உங்க கம்பெனியில ஒன்னரை இருக்கா?" என்று கேட்டான். தமிழில் அவனுக்கு வேறு சில சொற்களே தெரியும். ஒன்றரை தெரிந்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் இல்லை தம்பி, ஒரு ஷிப்ட்தான் என்றேன். சரி என்று போய்விட்டான். அவனுக்கு இரட்டிப்புக் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். 48 என்று எழுதி, மேலே போனால் இரண்டு மடங்கு என்று எழுதினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என்ன செய்தான் என்று தெரியாது. அடுத்த வாரம் எல்லாம் ராத்திரி பத்து மணிக்குத்தான் அவர்கள் அறையில் லைட் எரிந்தது.

நான் ஏழாயிரம் குறைந்த வேலைக்குப் போக முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்கு வாடகை கிடையாது. நாங்கள் இருப்பது அப்பா கட்டிய வீட்டில். முதலில் ஒரு அறையும் சமையலறையும். ஐந்து வருஷம் கழித்து முன் அறை. அதற்கப்புறம் மாடிப்படி. ஒவ்வொன்றும் எந்த வருஷம் எந்த ஆர்டர் ஓடியபோது கட்டியது என்று அப்பா சொல்வார். என்னுடைய ஆறு மணி அந்த ஒன்பதரை மணிகளின் மேல்தான் நிற்கிறது. கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கும் என் கணவரின் சம்பளமும் அதில் உண்டு. இவை இரண்டும் இல்லாத ஒருத்தி என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் ராத்திரி ஒன்பதே காலுக்கு போன் செய்து, காலர் ரிப் அளவு எந்த ஃபைலில் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக்குக் கிளம்பு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவளுக்கு வாடகை இருக்கிறது.

புது வேலைக்குப் போன முதல் வாரம் ஆறே காலுக்கு நான் கேட்டைத் திறந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என்னாச்சு கண்ணு, வேலை இல்லீன்னுட்டாங்களா?"

"இல்லீங்ப்பா. முடிஞ்சுது."

"ஒரு ஷிப்ட்தானா?"

"ஒரு ஷிப்ட்தான்."

மகள் வீட்டுப்பாட நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு டீ வைக்கப் போனாள். அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னை நான் பகல்ல பார்த்ததெல்லாம் ஞாயித்துக்கிழமைதான்" என்றார். வெயில் இன்னும் முன் அறைச் சுவரில் இருந்தது.